கல் என்றால் எந்த நாள்?

என் வீட்டுக்காரர் வேல்ராஜைத் தாராவியில் எல்லோரும் கான்ட்ராக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடங்களுக்கு வெளிப்புறம் பெயிண்ட் அடிக்கும் கான்ட்ராக்டர். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து, முதலில் அவரே கயிற்றில் தொங்கி அடித்தார். முட்டி தேய்ந்த பிறகு, தொங்குகிற ஆட்களை வைத்து வேலை எடுக்கிறார். வேலை நடக்கும்போது மனுசன் ராஜா. ஒரு வேலை முடிந்து அடுத்தது உறுதியாகும்வரை இருக்கிறதே, அப்போது அவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு, எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருப்பார். கேட்டால், "போன் வருமுல்லா" என்பார்.

இந்த வருஷம் செம்பூரில் ஒரு பெரிய அடுக்குமாடி சொசைட்டியின் வேலை வருவதாக இருந்தது. செகரட்டரி கேஷவ், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுதத் தெரியாது. தை மாதம் தொடங்கிய பேச்சு. ஒரு மீட்டிங்குக்கு ஆள் சேரவில்லை. அடுத்த மீட்டிங் அன்று அந்தக் கட்டடத்தில் ஒருவர் இறந்துபோனார். அப்புறம் நிறத்தில் சண்டை. அவர்கள் நிறத்தை மாற்றும்போதெல்லாம் இவர் அதை என் சமையல்கட்டுச் சுவரில் அடித்துப் பார்ப்பார். இப்போது என் அடுப்புக்குப் பின்னால் நாலு விதமான கிரீம் இருக்கிறது. எனக்கு நாலும் ஒன்றுதான்.

இசக்கிப்பாண்டியும் அவனோடு கயிற்றில் தொங்கும் மூன்று பேரும் இவரை நம்பிக் காத்திருந்தார்கள். அவர்கள் இல்லையென்றால் இவருக்குக் கான்ட்ராக்டர் என்கிற பெயர் மட்டும்தான் மிச்சம். ஒருநாள் மத்தியானம் அவன் வந்து நின்றான்.

"சூரத்துல ஒரு ஆளு கூப்பிடுதான் அண்ணாச்சி. நாளைக்குக் காலைல ரயிலு. செம்பூர் உண்டா இல்லையான்னு இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க."

அவன் போன கொஞ்ச நேரத்தில் கேஷவிடமிருந்து மெசேஜ் வந்தது, இங்கிலீஷ் எழுத்தில் இந்தி. "கல் மீட்டிங் மே காம் ஃபைனல்."

இவர் துள்ளிக் குதித்தார். அடுத்த நிமிஷமே முகம் விழுந்துவிட்டது. இந்தியில் நேற்றும் கல், நாளையும் கல். என்ன பாஷையோ, என்ன கண்றாவியோ! நேற்று மீட்டிங்கில் வேலை முடிவாகிவிட்டதா, நாளை மீட்டிங்கில்தான் முடிவாகுமா?

கல்யாணில் ஆபீஸ் வேலை பார்க்கும் எங்கள் மகள் மாலதிக்குப் போன் போட்டோம்.

"ஹுவான்னு இருந்தா நேத்து, ஹோகான்னு இருந்தா நாளைக்கு. இதுல ரெண்டுமே இல்லப்பா. அவர்கிட்டயே பூச்சோ நா!"

"ஆமா, கேட்டுத் தொலைங்களேன்" என்றேன்.

"முப்பது வருஷமா பம்பாய்ல இருக்கேன். கல்லுன்னா எந்த நாளுன்னு கேட்டா சிரிக்க மாட்டாரா? சும்மா சும்மா போன் பண்ணாதீங்கோன்னு வேற சொல்லிருக்காரு."

சொல்லிவிட்டு, "ஓகே சார்" என்று கைகூப்புகிற படத்தோடு பதில் அனுப்பினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதோடு விட்டாரா? நைன்டி ஃபீட் ரோடு டீக்கடைக்குப் போய், வந்தவன் போனவனிடமெல்லாம் போனைக் காட்டினார். பாதிப் பேர் நேற்று என்றார்கள், பாதிப் பேர் நாளை என்றார்கள். போனபோது இருந்ததைவிடக் குழம்பித் திரும்பி வந்தார்.

சாயங்காலம் இசக்கிப்பாண்டி வந்தான்.

"நாளைக்கு மீட்டிங்குல முடிவாயிரும் போலுக்குல" என்றார் இவர்.

"இந்த நாளைக்கை நானும் மாசிலேர்ந்து கேக்கேன் அண்ணாச்சி."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "போங்கல. என்னை நம்பி நீங்க கெட வேண்டாம்."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

மறுநாள் காலை கேஷவே கூப்பிட்டார்.

"என்ன வேல்ராஜ், ஆளையே காணோம்? முந்தாநாளே ஃபைனல் ஆயிடுத்து. மெசேஜ் போட்டேனே! மழைக்கு முன்னாடி முடிக்கணும். நாளைக்குக் காலம்பற கயிறு கட்டலேன்னா கமிட்டி வேற ஆளைப் பாத்துடும்."

இவர் உடனே இசக்கிப்பாண்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"எங்கல இருக்க?"

"வாபி ஸ்டேஷன்ல வண்டி நிக்கி அண்ணாச்சி. இப்போ எடுத்துருவான்."

"செம்பூரு..."

"கன்ஃபர்மா? இறங்கணுமா?"

இவருக்குப் பயம் வந்துவிட்டது. நாலு பேரை ரயிலிலிருந்து இறக்கிவிட்டு, இதுவும் பொய்யாகப் போனால்? "ஒருவேளை..." என்று இழுத்தார்.

"அடப்பாவி மனுசா!" போனைப் பிடுங்கினேன். "இறங்குங்கலே! மைனி சொல்லுதேன், எல்லாரும் இறங்குங்க!"

ஒரே கூச்சல். யாரோ குஜராத்தியில் திட்டினார்கள். வண்டி ஊதுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இசக்கிப்பாண்டி மூச்சுவாங்கப் பேசினான்.

"நாலு பேரும் இறங்கிட்டோம் மைனி. ஒரு பையி மட்டும் வண்டியோட போயிட்டு. போனை அண்ணாச்சிகிட்டக் குடுங்க. அவுக வாயால ஒருக்கா சொல்லட்டும்."

போனை அவர் வாயருகே பிடித்தேன்.

"கன்ஃபர்ம்ல" என்றார். சொன்னவர் அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நன்றாகத் திட்ட வேண்டும்போல இருந்தது. திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.