காலர் தைக்கும் கை

சட்டை தைக்கும் அந்தக் கூடத்தில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஒருவரும் இல்லை. முதலாளியிலிருந்து வாசல் காவல்காரர்வரை எல்லாருக்கும் அவள் காலரக்காதான். பதினோரு வருஷம் காலர் மட்டுமே தைத்தவள். வாய் மட்டும் லேசுப்பட்டதா? முப்பது மிஷின் ஓடும் இரைச்சலையும் தாண்டி, மூன்று வரிசை தள்ளி இருப்பவளை வம்புக்கு இழுப்பாள்.

போன வருஷம் காலர் முனையைச் சூட்டில் அழுத்தும் பொறியில் அவளுடைய இடது கை மாட்டிக்கொண்டது. நான்கு விரல்கள் போயின. கட்டைவிரலும் உள்ளங்கையில் பாதியும்தான் மிச்சம். ஆறின பிறகு அவளை நூல் நறுக்கும் மேசையில் உட்காரவைத்தார்கள். இப்போது அதற்கும் ஒரு மிஷின் வந்துவிட்டது, மேசையை எடுக்கப்போகிறார்கள். சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் கையும் கட்டித்தான் கிடந்தது. காலர் மிஷின் ஒன்று காலியாக இருக்கிறது, சனிக்கிழமை ஒரு மணி நேரத்தில் நாற்பது காலர் தைத்துக் காட்டினால் அது உனக்கு, இல்லாவிட்டால் வீட்டுக்குத்தான் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வீட்டில் ஒன்றும் கொடுமை இல்லை. அங்கேதான் சங்கடமே. வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். விபத்துக்குப் பிறகு அவரே சமைத்தார், அவரே அவளுக்குத் தலை பின்னிவிட்டார். "போதும்மா, நீ வீட்ல இரு, நான் பாத்துக்கறேன்" என்று நாளுக்கு நான்கு தரம் சொன்னார். பாவம், அன்பாகத்தான் சொன்னார். அவளோ ஒவ்வொரு தரமும், பார்த்துக்கொள்ளப்படுகிறவளாகவே மிச்ச ஆயுளையும் ஓட்டவேண்டுமோ என்று பயந்தாள்.

இந்தப் பேச்செல்லாம் வருவதற்கு முன்பே, மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி கொடுத்த அம்மா சொல்லித்தான் பல்கலைக்கழகப் பிள்ளைகள் நான்கு பேர் அவளைத் தேடி வந்தார்கள். யாராவது ஒருவருக்கு உதவுகிற கருவி ஒன்றைச் செய்து கண்காட்சியில் வைக்கவேண்டும், அது அவர்கள் படிப்பில் ஒரு பகுதி. தலைவியாக இருந்த, மூக்குக்கண்ணாடி போட்ட பெண்ணுக்குக் காலரக்கா வைத்த பெயர் கண்ணாடி. கூட வரும் உயரமான பையன் நெட்டை. மற்ற இருவரும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்காததால் பெயர் வைக்க வாய்ப்பில்லை.

நாலு மாசம் உழைத்தார்கள், சும்மா சொல்லக்கூடாது. தோல் நிறத்தில், நகம்கூட வைத்து, அசல் கைபோல ஒரு கை. தசையை இறுக்கினால் விரல்கள் மடங்கும். முட்டையை உடையாமல் தூக்கியது. தண்ணீர் டம்ளரைப் பிடித்தது. நெட்டை அதோடு கைகுலுக்கி வீடியோவும் எடுத்துக்கொண்டான். ஆனால் இவ்வளவு படித்த பிள்ளைகள் என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? நல்லாயிருக்கும் வலது கையை அளவெடுத்து, அதை அப்படியே இடதாகத் திருப்பிச் செய்ததில், அந்த இடது கையில் மிச்சமிருந்த கட்டைவிரலையும் உள்ளே போட்டு மூடிவிட்டு, மேலே மோட்டார் வைத்த கட்டைவிரல் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அடக் கடவுளே, இருந்த விரலையும் பிடுங்கிக்கொண்டார்களே என்று அவள் மனசுக்குள் சிரித்தாள். பிள்ளைகள் முகத்தைப் பார்த்ததும் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் கேட்டபடி ஆய்வுக்கூடத்தில் ஒரு தையல் மிஷினைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். காலர் தைக்கும்போது இடது கை எதையும் பிடிப்பதில்லை. துணியை மேசையோடு அழுத்தி, தள்ளி, முனை வந்ததும் வழுக்கினாற்போலத் திருப்பவேண்டும். அந்த அழகுக் கையோ பிடிக்க மட்டுமே கற்றிருந்தது. துணியைக் கண்டதும் கொத்தாக அள்ளிக் கசக்கியது. மூன்றாவது தரம் சுட்டுவிரல் ஊசிக்கு அடியில் போய், ஊசி முறிந்தது. அந்த நால்வரில் ஒருவர்கூட வாழ்நாளில் மிஷினில் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது.

இதை அறுத்தால்தான் சரிப்படும் என்றாள் காலரக்கா. கண்ணாடிக்கு முகம் வெளுத்துவிட்டது. திங்கட்கிழமை கண்காட்சி, நடுவர்கள் வருகிறார்கள், இன்னொன்று செய்ய நாளில்லை என்று படபடத்தாள். காலரக்காவுக்குக் கோபம் வரத்தான் வந்தது. அதை அடக்கிக்கொண்டு, தன் கையில் மாட்டியிருந்த அந்தக் கையை அவள் முன்னால் நீட்டினாள்.

"இது யாருக்கும்மா செஞ்சே?"

 அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அரம்பத்தை எடுத்துவந்தாள்.

"எந்த விரலைக்கா?"

"அஞ்சையும்தான்."

விரல்கள் போய், மோட்டார் போய், கடைசியில் மிஞ்சியது ஓரம் மழுக்கிய, தட்டையான உள்ளங்கைதான். அடியில் நெட்டை ரப்பர் ஒட்டினான். பக்கத்தில் ஓட்டை போட்டதும் அவளுடைய சொந்தக் கட்டைவிரல் வெளியே வந்தது. பார்க்கச் சின்ன இஸ்திரிப் பெட்டிபோல இருந்தது. துணி சொன்னபடி கேட்டது.

சனிக்கிழமை ஒரு மணி நேரத்தில் முப்பத்தாறு தைத்தாள். சூப்பர்வைசர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"நாப்பது சொல்லியிருந்தேனேக்கா."

"இதுல பிரிச்சுத் தைக்கவேண்டியது ஒண்ணு காட்டுங்க, நான் இப்பவே போயிடறேன்."

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பக்கத்து மிஷினின் நாற்பதையும் எடுத்துப் பார்த்தார், அதில் ஏழு கோணல். திங்கட்கிழமை எட்டு மணிக்கு உட்கார்ந்துவிடவேண்டும், ஆர்டர் அவசரம், அன்று வராவிட்டால் இடம் அடுத்தவளுக்கு என்றார். அவள் கழிவறைக்குப் போய் அழுது தீர்த்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே கண்ணாடி வீட்டுக்கு வந்தாள். செய்த பொருள் கண்காட்சி மேசையில் இல்லாவிட்டால் நடுவர்கள் மதிப்பெண் போடமாட்டார்களாம். அதற்குமேல் சொல்ல வராமல் தவித்தாள். வெட்டின விரல்களை வைத்துச் சமாளிக்கலாம் என்று நெட்டை சொன்னானாம். அப்படி வைத்தால் போலீஸ்தான் வரும் என்றாள் காலரக்கா. யாருக்கும் சரியாகச் சிரிப்பு வரவில்லை. அவள் பட்டையை அவிழ்த்து, கையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வீட்டுக்காரர் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"திங்கக்கிழமை நான் இதோட போகலேன்னா அந்த மிஷின் போச்சு. ஆனா இது உன் உழைப்பு. நீயே சொல்லும்மா."

கண்ணாடி அதை எடுத்தாள். அடியிலிருந்த ரப்பரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, போயிட்டு வரேங்க்கா என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினாள்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் காலரக்காவின் போனுக்கு நெட்டை ஒரு படம் அனுப்பியிருந்தான். கண்காட்சிக் கூடம். மற்ற மேசைகளில் என்னென்னவோ மின்னின. இவர்கள் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒன்றுமே வைக்காமல், ஓர் அட்டையை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் கண்ணாடி விறைப்பாக நின்றாள். அட்டையில் எழுதியிருந்ததைக் காலரக்கா இரண்டு தரம் படித்தாள்.

'காலரக்காவின் கை இன்று வேலைக்குப் போயிருக்கிறது.'

அதற்குள் மணி அடித்துவிட்டது, எழுந்து மிஷினுக்குப் போனாள்.