தாய்க் குரங்குக்கு ஊர்வலம்

போன வருஷம் பங்குனியில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் ஷாக் அடித்து ஒரு தாய்க் குரங்கு விழுந்தது. வாசலில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நான்தான் முதலில் ஓடினேன். தாய் செத்துவிட்டது. அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குட்டி எப்படித்தான் தப்பியதோ, ஒரு கீறல்கூட இல்லை.

குரங்கு செத்தால் எங்கள் பக்கம் மனிதர்களுக்குச் செய்வதுபோல எல்லாம் செய்வார்கள். இதற்கெல்லாம் முன்னால் நிற்பவர் என் கொழுந்தனார். கொஞ்ச நேரத்தில் மாலை, மேளம், சரவெடி எல்லாம் வந்து இறங்கிவிட்டன. குட்டியை யார் வளர்ப்பது என்று இரண்டு பேர் சண்டை வேறு. எனக்கு வந்ததே ஆத்திரம்! வனத்துறைக்குப் போன் போட்டேன்.

வந்த வனக்காப்பாளர் பொறுமையான மனிதர். "வீட்டுல வச்சு வளக்குறது சட்டப்படி குத்தமுங்க. நாங்க கொண்டு போனாலும் கூண்டுதான். அதோட கூட்டம் அங்கிட்டுத்தான நிக்கிது, மொதல்ல அதுக கூடச் சேத்துவிட்டுப் பாப்போம். சத்தம் மட்டும் ஆகாது" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டார்.

தாயிடமிருந்து பிரித்தபோது குட்டி தெருவே கேட்கும்படி கத்தியது. அதைக் கூடையில் வைத்து, பூட்டிக் கிடந்த எதிர்வீட்டின் வெளிப்படியில் ஏறி, மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் விட்டுவிட்டு, இறங்கி வந்து ஒதுங்கி நின்றோம். தண்ணீர்த் தொட்டி மேலிருந்த கூட்டம் பார்த்துக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு பெண்குரங்கு மெல்ல இறங்கி வந்து, அந்தச் சுவரில் உட்கார்ந்து, கூடைக்குள் கையை நீட்டியது. "தூக்கிரு தாயி, தூக்கிரு" என்று முணுமுணுத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் சரவெடி வெடித்தது. மேளமும் சேர்ந்துகொண்டது. மொத்தக் கூட்டமும் கூரை கூரையாகத் தாவிப் போய்விட்டது. குட்டி கூடைக்குள் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது.

"சத்தம் ஆகாதுன்னு அந்த மனுசன் தலபாடா அடிச்சுக்கிட்டாரே, காதுல விழுகலயா தம்பி?" என்று கொழுந்தனாரிடம் கத்தினேன்.

"மூணு மணிக்கு ராகுகாலம் பொறந்துரும் அண்ணி, அதுக்குள்ள எடுக்கணும்ல?" என்றார். அழுது அழுது அவர் கண் சிவந்திருந்தது. அவரை என்ன சொல்வது?

இருட்டும்வரை காத்திருந்தோம். கூட்டம் திரும்பவில்லை. வனக்காப்பாளர் குட்டியை எடுத்துக்கொண்டு போனார். பார்க்க வரலாமா என்று கேட்டேன். "வேணாங்க. ஆளுக பழகிட்டா அப்புறம் வெளிய விட முடியாது" என்றார்.

தீபாவளி சமயம் அவருக்குப் போன் செய்து விசாரித்தேன். "உசுரோட இருக்குங்க. ஆனா யாரு கூண்டுப் பக்கம் போனாலும் கைய நீட்டிக்கிட்டு ஓடியாருது. இனிமே காட்டுக்கு அனுப்ப முடியாதுங்க, கூண்டுலயே கெடக்க வேண்டியதுதான்" என்றார்.

தாயைப் புதைத்த இடத்தில் மேடை கட்டி இப்போது விளக்கேற்றுகிறார்கள். அந்தப் பக்கம் போனால் நானும் கும்பிடத்தான் செய்கிறேன். ஆனால் செத்ததற்கு இவ்வளவு செய்த நாங்கள், உயிரோடு இருந்ததற்காகக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க முடியாமல் போனோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.