நற்கருணை எடுக்காத ஞாயிறுகள்

“முதல் ஞாயிறு. ஆராதனை. நற்கருணை எடுக்கவில்லை.”

அப்பாவின் சட்டைப்பை நாட்குறிப்பில் இத்தகைய பதிவுகளில் முதலாவது இது. மாதம் இருக்கிறது, ஆண்டு இல்லை. அதே பக்கத்தில் தங்கையின் ஞானஸ்நானமும் குறிக்கப்பட்டிருப்பதால், இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது என்று மூத்த மகளாகிய நான் கணித்தேன். அதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை, அப்பா தம் தம்பியின் விரல்களை வெட்டினார்.

அப்பாவின் நினைவு மலரில் இதை எழுதலாமா என்று உறவினர் சிலர் கேட்டார்கள். இதை விட்டுவிட்டு அப்பாவின் பக்தியை எழுத முடியாது.

அப்பா இலங்கையின் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, ஏழு வயதில் பெற்றோருடன் ஊட்டிக்கு அருகே மஞ்சூர்ப் பக்கம் வந்தவர். கவ்வாத்து வேலையில், அதாவது தேயிலைச் செடிகளை வெட்டிவிடுவதில், அவர் கைக்கு நிகரில்லை என்பார்கள். கோபத்திலும் அப்படித்தான். எங்கள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்களுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். அன்று சித்தப்பா எங்கள் ரப்பர் குழாயைப் பிடுங்கி எறிந்தார். அப்பா கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. சித்தப்பாவின் இடக்கை நடுவிரலும் மோதிரவிரலும் சிமெண்டுத் தொட்டியில் விழுந்தன. தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

காவல் நிலையத்தில் சித்தப்பா, கவ்வாத்தின்போது தன் கை தவறியதாகச் சொன்னார். அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

அப்பா குடியை நிறுத்தினார். விடியலில் வேலைக்குப் போகும் முன் பூட்ஸ் காலோடு முழங்கால்படியிட்டு ஜெபிப்பார். சனிக்கிழமை கோயிலைப் பெருக்குவதும், நற்கருணைப் பாத்திரங்களைக் கழுவித் துடைத்து வைப்பதும் அவர்தான். ஞாயிறன்று எல்லோரும் எழுந்து அப்பமும் திராட்சை ரசமும் வாங்கப் பீடத்துக்குப் போகும்போது, கடைசிப் பெஞ்சில் அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார்.

புதிதாக வந்த போதகர் ஒருவர், பாவம், பெரியவருக்கு முழங்கால் வலி என்று எண்ணி, கிண்ணத்தைப் பெஞ்சுக்கே கொண்டுவந்து நீட்டிவிட்டார். அப்பா பதறித் தள்ளியதில் ரசம் முழுக்கப் போதகரின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. பெண்கள் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார்கள்.

வீட்டில் அம்மா கேட்டார்: “ஏனுங்க, ஆண்டவர் எப்பவோ மன்னிச்சுட்டாருன்னு பாஸ்டரே சொல்றாருங்களே?”

“ஆண்டவர் வெரலயா நான் வெட்டுனேன்? மன்னிக்க வேண்டியவன் மேல் லயத்துல இருக்கான்.”

சித்தப்பா அதற்குள் மேல் லயத்துக்கு மாறியிருந்தார். தவக்காலத்து வெள்ளிதோறும் அப்பா உபவாசமிருந்து அங்கே போய் வாசலில் நிற்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன்.

“வந்துட்டாருய்யா பரிசுத்தவான்,” என்றார் சித்தப்பா. “போன வாரம் எந்தப் பக்கம் அடிச்சேன்?”

“எடது பக்கம்.”

“அப்ப இன்னைக்கு வலது.”

மண்வெட்டிக் காம்பால் அடித்தார். அப்பாவின் வலது தோளெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் கல்லை எடுத்தேன். “கீழ போடு புள்ள,” என்று அப்பா தரையில் கிடந்தபடியே சொன்னார். அடுத்த வெள்ளி கைக்கட்டோடு மறுபடி போனார்.

கடைசியில் நுரையீரல் நோய் முற்றி, ஊட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். போதகர் இரண்டு நாள் நற்கருணையோடு வந்தார். இரண்டு நாளும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் காலை, போதகர் இருக்கும்போதே சித்தப்பா உள்ளே வந்தார். கட்டில் அருகே போய், விரல் இல்லாத அந்தக் கையால் அப்பாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“விடு புள்ள. இதான் கடசி அடி,” என்றார் சித்தப்பா. பிறகு குனிந்து, “அண்ணே, எனக்கு ஒங்க மேல இனி ஒண்ணும் இல்ல. எடுத்துக்கங்க,” என்றார்.

அப்பா வாயைத் திறந்தார்.

அப்பா நோயில் கிடந்த மாதங்களில் தூக்கவும் கழுவவும் துணைநின்ற லயத்துப் பெண்களுக்கும், மழையில் ஜீப் ஓட்டிவந்த தோட்டத்து டிரைவர் அண்ணனுக்கும், பொறுமையாகத் திரும்பத் திரும்ப வந்த போதகருக்கும், அடக்கத்தன்று பெட்டியின் முன்பக்கத்தைச் சுமந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் என்னால் உறுதியாக எழுத முடியவில்லை. ரசத்தில் நனைத்த அப்பத் துண்டைப் போதகர் அப்பாவின் நாவில் வைத்ததை நான் பார்த்தேன். சித்தப்பா தலையைத் தாங்கியிருந்தார். சில நொடிகளில் மூச்சு நின்றது. “முழுங்கிட்டாரு, தொண்ட அசஞ்சத நான் பாத்தேன்,” என்கிறார் சித்தப்பா. தாம் பார்க்கவில்லை என்கிறார் போதகர். நானும் பார்க்கவில்லை. அப்பா அதை விழுங்கினாரா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.