முருகேசன் கர்சீப் போடாத திங்கள்கிழமை

காலை லோக்கல் ரயிலில் சீட் பிடிக்க எங்களுக்கு ஒரே வழி கர்சீப்தான். உல்லாஸ்நகரில் ஏறும் முருகேசன், பக்கத்து இடத்தில் தன் கர்சீப்பைப் போட்டு வைப்பான். மாதுங்காவில் ஏறி நான் உட்காருவேன். காலேஜ் நாளிலிருந்து வரும் சிநேகம்.

ஒரு திங்கள்கிழமை என் இடத்தில் வேறு ஆள். முருகேசன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். நின்றபடியே யோசிக்க ஆரம்பித்தேன். அவன் புது பேண்ட்டைக் கிண்டல் செய்தேனே, அதுவா? அவன் தங்கை கல்யாணத்துக்குப் போகாததா? யோசித்து யோசித்து, சிநேகமே முறிந்துவிட்டதென்று முடிவு கட்டி, மறுநாளிலிருந்து அடுத்த வண்டிக்கு மாறிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து முருகேசன், ஆபீஸுக்கு லேட்டாகும் என்று தெரிந்தும், தன் வண்டியை விட்டு இறங்கி மாதுங்கா பிளாட்பாரத்தில் எனக்காக நின்றிருந்தான்.

“ஏலே, எங்கல போன? தினமும் உன் சீட்டுக்காக கம்பார்ட்மெண்ட் முழுக்க லடாய் போடுதேன்.”

“அன்னிக்கு நீ கர்சீப் போடலியேடா.”

“சளி பிடிச்சிருந்துச்சுல. தொண்டையும் கட்டிக்கிடுச்சு. மூக்கு சிந்துன கர்சீப்பையா சீட்டுல போடச் சொல்லுத?”

இப்போதெல்லாம் மனசில் ஏதாவது குடைந்தால் அன்றைக்கே கேட்டுவிடுகிறேன். அந்த வாரம் முழுக்க மண்டையை உடைத்து நான் கண்டுபிடித்த காரணங்களில் சளி மட்டும் இல்லவே இல்லை.