குடத்துக்குச் சாட்சி

எங்கள் தெருவில் மனிதர்களுக்கு முன்பே குடங்கள் எழுந்துவிடும். விடிகிற நேரத்தில் தெருமுனைக் கறுப்பு டேங்கில் தொடங்கி முருங்கைமரம் வரைக்கும் நிற்கும். சிவப்பு, நீலம், பச்சை, ஆரஞ்சு, வெயிலில் வெளுத்து இன்ன நிறமென்று சொல்லமுடியாமல் போனவை. காலி பிளாஸ்டிக் குடத்தைக் கடல்காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதால் ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கல். குடத்தை வைத்தாயிற்று என்றால் ஆள் நிற்க வேண்டியதில்லை. உலை வைக்கலாம், பிள்ளைக்குத் தலை வாரலாம், புருஷனோடு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடரலாம். காலடிப்பேட்டைக்குத் தண்ணீர் லாரி எப்போது வரும் என்பது லாரிக்கே தெரியாது. அதுவரை குடம்தான் ஆள்.

லாரி வந்து டேங்கை நிரப்பியதும் விசாரணை நடக்கும். ஆள் வராத குடம் இருந்தால் முன்னாலோ பின்னாலோ நிற்பவர்கள் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். "இது இன்னார் கொடம், வந்துடுவாங்க, தள்ளாத." இரண்டு வாய் போதும். அந்தக் குடம் நிறைந்து ஓரமாகக் காத்திருக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. குடத்துக்குச் சாட்சி சொல்கிற வயது வந்துவிட்டதில் பெருமை. ரெட்டை ஜடையைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, கேட்காத குடங்களுக்கெல்லாம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடம் பச்சை. அப்பாவின் இரண்டு பழைய பேண்டுகளை வாங்கிக்கொண்டு பாத்திரக்காரி கொடுத்தது. நிறத்தை அம்மா தேர்ந்தெடுக்கவில்லை. ஒருமுறை அதன் அடியில் ஓட்டை விழுந்தபோது, டேங்குக்கு எதிரே குடியிருந்த பாயம்மா ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். தம்முடைய உடைந்த ஆரஞ்சுக் குடம் ஒன்றிலிருந்து துண்டு வெட்டி, கத்தியைப் பம்ப் ஸ்டவ்வில் காய்ச்சி, உருக்கித் தேய்த்து, ஊதி ஆறவைத்தார். பாய் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் இருந்தபோதும் இறந்த பிறகும் அந்த அம்மாவுக்கு வேறு பெயர் உண்டா என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. அந்த ஆண்டு அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்குப் பத்து நாள். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மூன்று பெண்கள். அதில் ஒருத்திக்கு இன்னும் தலை நிற்கவில்லை.

அந்த வாரத்தில்தான் ரயில்வே கேட்டருகே ஒருவரை வெட்டினார்கள். பட்டப்பகல். செத்தவர் கோயில் கூழ் ஊற்றும் கமிட்டியில் முன்னால் நிற்பவர். யாருக்கு என்ன தகராறென்றாலும் ஸ்டேஷன்வரை கூட வருவார். செய்தியைக் கொண்டுவந்தவர் என் மாமா. அம்மாவின் தம்பி, லேத் பட்டறையில் வேலை, அந்த வேலைக்கு இடையில் ஊர்ச் செய்திகளையும் கடைந்து கொடுப்பவர். மூச்சிரைக்க வந்து நடுவீட்டில் நின்றார்.

"பச்ச சட்டக்காரங்க வெட்டிட்டாங்களாம்க்கா. கேட்டாண்ட கூட்ஸ் வண்டி போய்கினு இருந்துச்சாம். அந்தச் சத்தத்துல கத்துனதுகூட கேக்கலயாம்."

"யாருடா பச்ச சட்ட?"

"வேற யாரு? அவங்கதான்."

அவங்க என்பது மரியாதைச் சொல் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்பாவை அவங்க என்போம், டீச்சரை அவங்க என்போம். அன்று மாமா அதைச் சொன்னபோது குரல் தணிந்தது, கண் ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தது. ஒரே சொல்லுக்குள் இன்னொரு ஆள் குடியேறியிருந்தான்.

மத்தியானத்துக்குள் பச்சை என்கிற நிறமே சந்தேகக் கேஸ் ஆகிவிட்டது. கடைக் கதவுகள் இறங்கின. வீட்டுக் கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தவர் அதன்மேல் சாக்கைத் தொங்கவிட்டார். கிளி ஜோசியர் தெருப்பக்கமே வரவில்லை. கிளிக்காகப் பயந்தாரா தனக்காகவா தெரியாது. என் மாமா தமது பச்சைக் கட்டம்போட்ட லுங்கியை வாளியில் ஊறவைத்தார். நாள்கணக்கில் அது ஊறிக்கொண்டேயிருந்தது. துறைமுகத்தில் ஷிப்டுக்குப் போன அப்பா, வண்டி ஓடாததால் உள்ளேயே தங்கிவிட்டார். கப்பல் சங்கு ஊதும்போதெல்லாம் அம்மா கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். நானும் ஜன்னலில் உட்கார்ந்து சந்தேகப்படக் கற்றுக்கொண்டேன். மெதுவாக நடந்தால் நோட்டம் பார்க்கிறான், வேகமாக நடந்தால் செய்துவிட்டுப் போகிறான். தேர்ச்சிபெற ஒரு பகல் போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் லாரி வந்தது. அக்கம்பக்கத்து மூன்று தெருவுக்கும் சேர்த்து ஒன்று, வீட்டுக்கு ஒரு குடம். அடுத்த தெருப் பசங்க லைனைப் பார்த்துக்கொள்வதாக வந்து நின்றார்கள். அவர்களுக்கு எங்களைத் தெரியாது, எங்கள் குடங்களையும் தெரியாது. கழுத்தில் விசில் கட்டியிருந்த ஒருவன்தான் தலைவன். லாரி சத்தம் கேட்டு, முகம் கழுவிய ஈரத்தோடு, பொட்டுகூட வைக்காமல் அம்மா ஓடினாள், பின்னால் நான். விடியலில் வைத்த எங்கள் குடம் வரிசையில் இல்லை. வேறு மூன்று பச்சைகளோடு சாக்கடை ஓரம் கிடந்தது.

"இன்னாத்துக்குடா எங்கொடத்த ஓரமா தூக்கிப் போட்டுக்கீற?" என்றாள் அம்மா.

"பச்சையெல்லாம் அப்பாலக்கா. பெரியவங்க சொல்லிக்கிறாங்கோ" என்றான் விசில்காரன்.

"கீரகூடத்தான் பச்சையா கீது. துன்ன மாட்டியா நீ?"

வரிசை சிரித்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை.

"காமெடி பண்ணாதக்கா. நீ யாருன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அம்மா குடத்தைக் கவிழ்த்து அடியைக் காட்டினாள். "ஆரஞ்சு ஒட்டு, பாரு. இந்தத் தெருவுல யார வேணா கேளு."

"ஒட்டப் பாத்து நான் இன்னா பண்றது?"

அம்மா வரிசையைப் பார்த்தாள். வரிசை டேங்கைப் பார்த்தது. யாராவது வாயைத் திறந்திருப்பார்களோ என்னவோ. அதற்கு அவள் காத்திருக்கவில்லை. கை கழுத்துக்குப் போயிற்று. ரவிக்கைக்குள்ளிருந்து மஞ்சள் கயிற்றை இழுத்து, தாலியை வெளியே போட்டு, அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"போதுமாடா?"

"அத்த மொதல்லயே காட்றதுக்கு இன்னாக்கா?" என்று சொல்லி, அவனே குடத்தைத் தூக்கி வரிசையில் வைத்தான். கல்லைக்கூட எடுத்துப் போட்டான். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் தெருவில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அடுத்ததைச் செய்தேன்.

எங்களுக்கு நேர் முன்னால் ஓர் ஆரஞ்சுக் குடம் நின்றது. மற்றவர்கள் நகர நகர அதை நான்தான் காலால் நகர்த்திக்கொண்டு வந்தேன். குழாய்க்கு வந்ததும் விசில்காரன் கேட்டான். "இது யார்து? ஆளில்லாம நிக்குது?"

ஒன்பது வயதின் முழுக் கம்பீரத்தோடு முன்னால் போய் நின்றேன்.

"பாயம்மா கொடம்ண்ணா. வந்துடுவாங்க. தள்ளாதீங்க."

"யாரு?"

"அவங்கதாண்ணா. தோ, எதிர்வூடு." கை நீட்டி வீட்டையும் காட்டினேன்.

சாட்சி ஒன்று ஆயிற்று. இரண்டாவது வாய்க்காக அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே எடுக்க ஒரு நொடிதான் ஆனது. உள்ளே போடுவதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. குனிந்த தலை நிமிரவேயில்லை.

விசில்காரன் குடத்தைக் காலால் ஒரு தள்ளு தள்ளினான். சாய்ந்து, கல் வெளியே விழுந்தது. கல் போனபின் அவன் உதைக்க வேண்டியிருக்கவில்லை. மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது. டொக் டொக்கென்று உருண்டு, தெருவைக் கடந்து, சாக்கடையில் இறங்கியது. அவன் எதிர்வீட்டை ஒருமுறை பார்த்தான். மூடிய கதவு. விசில் ஊதினான். வரிசை நகர்ந்தது. நடந்தது அவ்வளவுதான். கல்வீச்சில்லை, தீயில்லை. எந்தப் பேப்பரிலும் வராது.

பேப்பரில் வேறொன்று வந்தது, பத்து நாள் கழித்து. வெட்டியது செத்தவரின் சொந்த மச்சான். ஒரு மனைத் தகராறு. பச்சைச் சட்டை போட்டிருந்தது செத்தவர். கேட்டருகே பார்த்தவன் கத்தியது 'பச்ச சட்டக்காரன வெட்டிட்டாங்க' என்றுதான். கூட்ஸ் வண்டி அந்த 'ன'வைத் தின்றுவிட்டது. அந்த இடத்தில் எங்கள் ஊர் தனக்குத் தோன்றிய எழுத்தைப் போட்டுக்கொண்டது. மாமா அன்று சாயங்காலமே லுங்கியை அலசிக் காயப்போட்டார். சாக்குகள் இறங்கின. கிளி வந்தது. ஆனால் குடத்தை வைத்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொருத்தியும் தன் குடத்தருகே, ஒரு கையை அதன் கழுத்தில் வைத்தபடி மணிக்கணக்கில் நின்றாள். யாரும் யாருக்கும் சாட்சி சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. கல்லும் தேவைப்படவில்லை.

எழுத்தைத் தின்ன இப்போது கூட்ஸ் வண்டி வேண்டியதில்லை. போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு வெட்டுச் செய்தி வந்தது. பிழைத்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. 'யார் ஆளுங்க?' என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். நான் கேட்கவில்லை. ஆனால் பதில் வருகிறதா என்று இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

லாரி வந்த அன்றைய மத்தியானத்துக்குத் திரும்புகிறேன். அம்மா நிறைந்த குடத்தைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்துகொண்டாள். என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. மூன்று மணி இருக்கும். பாதித் தண்ணீரை அண்டாவில் ஊற்றினாள். மீதிப் பாதியோடு குடத்தை என் இடுப்பில் ஏற்றினாள்.

"பின்சந்து வழியா போ. குடுத்துட்டு வந்துடு. யார் கேட்டாலும் சும்மா போறேன்னு சொல்லு."

தண்ணீர்க் குடத்தோடு சும்மா போவது எப்படி என்று யோசித்துக்கொண்டே போனேன்.

பின்கதவு ஒரு சாண் திறந்தது. பாயம்மாவின் ஒரு கண்ணும் பாதி முகமும் தெரிந்தன. உள்ளே குழந்தை சிணுங்கியது. குடத்தை வாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் தவலையில் ஊற்றினார். கவிழ்த்தபோது அடியிலிருந்த ஆரஞ்சு ஒட்டை விரலால் தடவிப் பார்த்தார்; கசிகிறதா என்று பார்த்திருக்கலாம்.

"அம்மா வரலியா கண்ணு?"

"வூட்ல கீறாங்க."

"ம்."

எனக்கு அந்தக் குடத்தின் ஞாபகம் வந்தது. "உங்க கொடம் சாக்கடையில கீது பாயம்மா. நான் சொல்லித்தான் பாத்தேன். அவன் கேக்கல."

"ஜன்னலாண்டதான நின்னுகினு இருந்தேன். எல்லாம் பாத்தேன். நீ ஒண்ணும் தப்பா சொல்லல கண்ணு. எங்கொடத்த எங்கொடம்னுதான சொன்ன."

காலிக் குடத்தைக் கையில் கொடுத்தார். கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் இரண்டு விழுந்தன.

தாவிக்குதித்து வந்தேன். சந்து முனையிலேயே அம்மா நின்றிருந்தாள். வீட்டில் இருப்பதாக நான் சொன்ன அம்மா, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரோடு சுவராக.

"இன்னாடி சொன்னாங்க?"

"நான் தப்பா சொல்லலன்னாங்க! எல்லாத்தையும் ஜன்னலாண்ட நின்னு பாத்தாங்களாம்."

அம்மா குடத்தை என்னிடமிருந்து வாங்கினாள். பிறகு, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டாள்.

"என்னப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லலமா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். திட்டவில்லை, கோபிக்கவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை. அதைவிட நல்ல சேதி என்ன இருக்க முடியும்? அதைக் கேட்டு அம்மா ஏன் அந்தச் சந்திலேயே, காலிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.