நர்ஸம்மா வீட்டுக் கிணறு

போன வாரம் மகன் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தை நீட்டினான். விருதுநகரில் பழைய வீடு விற்பனைக்கு, நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற விலை. படத்தில் அந்தப் பச்சைக் கதவையும் அதற்கு மேலே சிலுவை வடிவக் காற்றுத் துளையையும் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. நம்புங்கள், அறுபது வருஷத்துக்கு முந்திய எரிச்சல் அது.

அப்போது நான் பள்ளிக்கூட வாத்தியார், கல்யாணமாகி இரண்டு வருஷம். எங்கள் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். சோற்றுக்குத் தனியாக உப்புப் போட வேண்டாம். என் மனைவி செண்பகம் நல்ல தண்ணீருக்காக இரண்டு தெரு தாண்டிக் குடத்தோடு நடப்பாள். ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் நாகர்கோவிலில் மகளோடு இருக்கப் போகிறார், வீட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் பார்க்கப் போனோம். இரண்டு அறை, சமையலறை, பின்பக்கம் ஒரு கிணறு. செண்பகம் ஒரு வாளி இறைத்துக் கையில் ஏந்திக் குடித்தாள்.

"இளநி கணக்கா இருக்குங்க" என்றவள், தாகம் தீர்ந்த பிறகும் சும்மா இன்னொரு வாளி இறைத்தாள். விலையும் எங்களுக்கு எட்டுகிற விலைதான்.

"அச்சாரத்தை வச்சுட்டுப் போங்க வாத்தியாரே, வீடு உங்களுக்குத்தான்" என்றார் நர்ஸம்மா.

அன்றைக்கு ஆடி மூன்றாம் தேதி. ஆடியில் யாராவது வீட்டுக்கு அச்சாரம் கொடுப்பார்களா? "ஆவணி பெறக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, வீடே கைக்கு வந்துவிட்ட மிதப்பில் திரும்பினேன். அவர் சர்ச்சுக்குப் போகிறவர், அவருக்கு ஆடியும் ஒன்றுதான் ஆவணியும் ஒன்றுதான் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. போதாததற்கு, பெருமையடித்துக்கொள்ள, என்னோடு வேலை பார்த்த ஞானதுரையையும் கூட்டிப்போய்க் காட்டினேன். தண்ணீர் இறைத்து அவர் கையில் ஊற்றியதும் நானேதான். அவரும் சர்ச்சுக்குப் போகிறவர்.

ஆடி முடிவதற்குள் ஞானதுரை கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "சார், நீங்க வேணாம்னுட்டீகளாமே, நர்ஸம்மா சொன்னாக. அதான் நாங்க முடிச்சுட்டோம். எடுத்துக்கோங்க."

எடுத்துத் தின்றேன். வேறென்ன செய்ய? செண்பகம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதன் பிறகு கோடை வந்தால் அவள் குடத்தோடு போவது அந்த வீட்டுக்குத்தான். "எம்புட்டு வேணுமோ எறச்சுக்கோங்கக்கா, கேக்கவே வேணாம்" என்பாள் ஞானதுரையின் மனைவி. நல்ல மனுஷி. அந்த நல்ல மனசைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்தியிருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன். அந்தத் தண்ணீரில் போட்ட காப்பி ருசியாக வேறு இருந்து தொலைத்தது. ஒரு சித்திரை மாதம், அந்தக் கிணறு வற்றித்தான் போகட்டுமே என்றுகூட நினைத்தேன். வற்றினால் என் வீட்டுக் குடமும் காயும் என்பது பொறாமைக்காரனுக்கு எங்கே தெரிகிறது!

நான் மகனோடு வெளியூருக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இன்று ஞானதுரை இல்லை, செண்பகமும் இல்லை. "வாங்கிருவோமாப்பா?" என்று மகன் கேட்டான். இதுவும் ஆடி மாதம்தான். "இப்பவே காரை எடு" என்றேன்.

போய்ப் பார்த்தால், வீட்டின் பின்பக்கம் முழுக்க சிமெண்டுத் தளம். அதன்மேல் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது.

"கெணறா? அது வத்திப்போயி, மூடி இருவது வருசம் ஆச்சுங்க. இப்ப லாரித் தண்ணிதான்" என்றார் வீட்டைக் காட்ட வந்த தரகர்.

நான் நினைத்தது பலித்துவிட்டது. செண்பகம் குடத்தை இறக்கிவைக்கும் கல்லையாவது பார்க்கலாம் என்று தேடினேன், அதுவும் இல்லை. பொறாமைப்பட அந்த வீட்டில் எதுவுமே மிச்சம் இல்லை.