மகள் கேட்ட லேப்டாப்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படிக்க இடம் கிடைத்திருந்த சமயம். நாங்கள் இருப்பது கோலசிலாங்கூர் பக்கம் ஈஜோக்கில். வீட்டுக்காரர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் ரவாங்கில் மின்விசிறி செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் இருவர் குடும்பத்திலும் சேர்த்துப் பல்கலைக்கழகம் போகும் முதல் பிள்ளை அவள்தான். செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எனக்குக் கைகுலுக்கியவர்களைப் பார்த்திருந்தால், படிக்கப் போவதே நான்தான் என்று நினைத்திருப்பீர்கள்.

மகள் ஒரு மாதமாகவே லேப்டாப் தேடிக்கொண்டிருந்தாள். காணொளி பார்ப்பாள், நிறுத்துவாள், நோட்டில் எதையாவது எழுதுவாள். ஒரு நாள் மாலை, நான் வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் கைத்தொலைபேசியை நீட்டினாள். திரையில் கறுப்பாக, தடியாக ஒன்று. எழுத்துப் பொத்தான்களுக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம். மூடியில் இருந்த பெயரை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

"என்னடி இது, கேம் விளையாடுற லேப்டாப் மாதிரி இருக்கு?"

"கேமிங் லேப்டாப்தாம்மா. ஆனா கேம் விளையாட இல்ல. கட்டடத்த த்ரீ-டியில வரையணும், அத ரெண்டர் பண்ணணும். அதுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேணும். பெரிய பிராண்டுல இதே கார்டு போட்டது நம்மளால முடியாது. இவங்க விளம்பரம் பண்றதில்ல, அதான் பேரு தெரியல. நான் எல்லாம் பாத்துட்டேம்மா."

ரெண்டர் என்றால், வரைந்த கட்டடத்தை நிஜப் புகைப்படம் போல மாற்றுவதாம். அன்று எனக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. 'கேமிங்' என்ற ஒரு சொல்லும், கேள்விப்படாத அந்தப் பெயரும் மட்டும்தான் காதில் நின்றன. விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடி, படிப்பைக் கோட்டைவிட்ட பிள்ளைகளின் கதைகள் எத்தனை கேட்டிருக்கிறேன்! பெயர் தெரியாத பொருள் கெட்டுப்போனால் யார் பழுது பார்ப்பார்கள், அது வேண்டாம் என்று அவளிடம் வாதாடினேன்.

வீட்டுக்காரர் மட்டும் சொல்லிப் பார்த்தார். "உங்க பெக்டரியில ஒரே லைன்ல வர்ற காத்தாடிய ரெண்டு பிராண்டு பேரு போட்டு ரெண்டு பெட்டியில வைக்கிறாங்கன்னு நீதானே சொன்ன? பேர வச்சி என்ன தெரியும்?"

"காத்தாடி வேற, கம்ப்யூட்டர் வேற லா," என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

பிறகு நான் செய்ததுதான் தவறு. ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து, மகளிடம் சொல்லாமல் கோலசிலாங்கூர் டவுனில் ஒரு கடைக்குப் போனேன். பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு என்று கேட்டேன். என்ன படிக்கப் போகிறாள் என்று நான் சொல்லவில்லை. விற்றவர் எல்லாருக்கும் தெரிந்த பெயருள்ள ஒன்றை எடுத்து வைத்தார். மெல்லியதாக, வெள்ளி நிறத்தில், ஒரே கையில் தூக்கும்படி இருந்தது. பார்த்ததும் பிடித்துப்போயிற்று. ரிப்பன் கட்டித் தரச் சொன்னேன்.

மகள் பெட்டியைத் திறந்தாள். ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, "தேங்ஸ்மா, ரொம்ப அழகா இருக்கு," என்றாள். அந்த ஒரு நிமிடத்தை நான் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். படம் எடுத்துக் குடும்ப வாட்சாப் குழுவில் போட்டேன்.

முதல் பருவம் நன்றாகவே போனது. பெரும்பாலும் கையால் வரைவதுதான் என்றாள். இரண்டாம் பருவத்தில் தொலைபேசியில் பேச்சு குறைந்தது. எப்போது கூப்பிட்டாலும் கம்ப்யூட்டர் லேப்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன் என்பாள். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று பெருமைப்பட்டேன்.

அந்தப் பருவத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமை, கோழிப் பிரட்டலும் சோறும் கட்டிக்கொண்டு நானும் அவரும் காரில் கிளம்பினோம். பல்கலைக்கழகம் தெற்கே, ஐந்து மணி நேரப் பயணம். முன்கூட்டியே சொன்னால் சமைக்காதீர்கள், அலையாதீர்கள் என்பாள் என்று சொல்லாமலேயே போனோம். விடுதியில் மகள் இல்லை. அவளோடு அறையில் தங்கியிருந்த கெடா மாநிலத்துப் பெண் கீழே இறங்கி வந்து, பெண்கள் விடுதி என்பதால் என்னை மட்டும் மேலே அழைத்துப் போனாள்.

"அவ லேப்லதான் ஆன்ட்டி இருப்பா. சனிக்கிழமைன்னா காலையிலேயே போயி எடம் பிடிச்சிடுவா. அவ லேப்டாப்ல அந்த சாப்ட்வேர் ஓடாதுல்ல? தொறந்தாலே அப்படியே நின்னுடும்."

மகளின் மேசையில் நான் வாங்கிக் கொடுத்த லேப்டாப் இருந்தது. தூசி படாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தாள்.

என் முகத்தைக் கவனிக்காமல் அந்தப் பெண் பேசிக்கொண்டே போனாள். "இந்த செம் முடிஞ்சதும் கோர்ஸ் மாத்திடலாமான்னு யோசிக்கிறா. நான்தான் வேணாம்னு சொல்லிக்கிட்டிருக்கேன்." பிறகு சட்டென்று நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் ஆன்ட்டி."

கீழே இறங்கிப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

மகள் வந்து சேர அரை மணி நேரம் ஆனது. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. விடுதிக்கு வெளியே ஒரு சிமெண்டுப் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தோம். நான் ஒரு வாய்கூட வைக்கவில்லை.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நீங்க ஆசை ஆசையா வாங்கிக் கொடுத்தீங்க. எப்படிம்மா சொல்றது? லேப் இருக்கே, சமாளிச்சிக்கலாம்னு பாத்தேன். முடியல. மத்தவங்க பத்து தடவ வரஞ்சி மாத்தறத நான் ஒரு தடவ பண்றதுக்குள்ள லேப் நேரம் முடிஞ்சிடுது. எனக்கு இது வராதோன்னு பயமா இருக்கும்மா."

சிறுவயதில் அட்டைப்பெட்டிகளை வெட்டி வீடு கட்டி, அதற்கு மாடிப்படியும் வைத்தவள் அவள். அப்படிப்பட்டவளை இது தனக்கு வராதோ என்று நினைக்க வைத்துவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. தஞ்சோங் மாலிம் பக்கம் சரக்கு எடுக்கப் போவதைப் பற்றி ஏதோ பேசிப் பார்த்தார். கடைசியில், "மாத்திடலாம் லா. அழுது என்ன ஆவப்போவுது?" என்றார்.

கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதே, அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்று புதிதாக வாங்கும் நிலையிலும் நாங்கள் இல்லை. மகள் வீட்டில் விட்டுப்போன நோட்டை எடுத்துப் புரட்டினேன். அந்தப் பெயர் இருந்தது. அதற்குக் கீழே நான்கு பக்கங்களுக்கு என்னென்னவோ ஒப்பிட்டு எழுதியிருந்தாள். இத்தனை பாடுபட்டிருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது. பழைய பொருள்களை விற்கும் செயலியில் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒரு வாரம் தினமும் தேடியபின் ஒன்று அகப்பட்டது. பாகான் நக்கோடா ஓமார் என்ற ஊரிலிருந்து ஒரு மலாய்ப் பெண் போட்டிருந்தாள். 'பலமானது, ஆனால் கனமானது. இலேசான லேப்டாப் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்' என்று மலாயில் எழுதியிருந்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிளம்பினோம். தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சுங்கை பெசார் என்று கடலோரச் சாலையிலேயே போய், கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். ஆற்றோரத்தில் பலகை வீடு. முற்றத்தில் அவளுடைய அப்பா மீன் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். சபாக்கில் பாலர் பள்ளி ஆசிரியை. தினமும் மோட்டார் சைக்கிளில் போகிறவளுக்கு அந்தக் கனமான லேப்டாப்பையும், செங்கல் போல் இருந்த அதன் சார்ஜரையும் முதுகில் சுமந்து தோள்வலி வந்துவிட்டதாம்.

எங்கள் பேச்சு மலாயில்தான். அவள் லேப்டாப்பைத் திறந்து, கல்லூரியில் அனிமேஷன் படித்தபோது அதில் செய்த ஒரு சின்ன அசைபடத்தைக் காட்டினாள். நண்டு ஒன்று மீன்பிடிப் படகில் ஏறி மாட்டிக்கொள்ளும் கதை. நானும் அவரும் வாய்விட்டுச் சிரித்தோம். படம் ஓடும்போது உள்ளே விசிறி பலமாகச் சுற்றியது. அது மட்டும் எனக்குத் தெரிந்த விஷயம்.

"இடது பக்க விசிறியில கொஞ்சம் உரசற சத்தம் வருதே?" என்றேன்.

அவள் வியந்துபோனாள். "ஆமா மாக்சிக்!" என்றாள். மலாயில் ஆன்ட்டி என்று அர்த்தம். "வலது பக்கம் போன வருஷம் மாத்தினேன். சுங்கை பெசார் கடையில சாமான் வரவழைச்சிப் போட்டாங்க. இதையும் ஒரு நாள் மாத்தணும்." பெயர் தெரியாத பொருளைப் பழுது பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள் என்று நான் மகளிடம் வாதாடியது எனக்கு ஞாபகம் வந்தது.

"உங்க மகளுக்குப் பிடிச்சிருக்கா? படம் அனுப்பினீங்களா?" என்று கேட்டாள்.

"அவளுக்கு இன்னும் தெரியாது. வாங்கிட்டுச் சொல்லலாம்னு..." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அதே தவற்றை மறுபடியும் செய்யப் போயிருக்கிறேன்! வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அங்கேயே மகளுக்கு வீடியோவில் அழைத்தேன்.

முதலில் மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சரமாரியாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணும் விடாமல் பதில் சொன்னாள். எதையோ திறந்து எண்களைக் காட்டினாள், கவிழ்த்துப் பிடித்துக் காட்டினாள். மலாயும் ஆங்கிலமுமாக இருவரும் இருபது நிமிடம் பேசினார்கள். தொலைபேசியைப் பிடித்திருந்த எனக்குக் கைதான் வலித்தது, பேச்சில் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு களையை அதில் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

"அம்மா, நான் கேட்டது இத விட புதுசு. ஆனா இது போதும்னு நெனக்கிறேன். எங்க சாப்ட்வேர போட்டுப் பாத்தாதான் உறுதியாச் சொல்ல முடியும்," என்றாள்.

மாற்றிக்கொள்ள வேண்டிய லேப்டாப் மகளிடம் இருந்தது. எங்கள் கையில் அதன் படம் மட்டும்தான். அடுத்த மாதம் இரண்டையும் வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று நான் எழப் பார்த்தேன். அந்தப் பெண் லேப்டாப்பை மூடிப் பையில் போட்டு என் மடியில் வைத்தாள்.

"பாவா டூலு, மாக்சிக்," என்றாள். முதலில் கொண்டுபோங்கள் என்று அர்த்தம். "மகள் ஓட்டிப் பாக்கட்டும். சரிப்பட்டா அப்புறம் மாத்திக்கலாம். இல்லன்னா கொண்டாந்து கொடுங்க."

எனக்குப் பதற்றமாகிவிட்டது. அடையாள அட்டையையாவது வைத்துக்கொள் என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். முற்றத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த அவளுடைய அப்பா சிரித்தார்.

"இத வாங்கும்போது எனக்கும் ஒண்ணும் புரியல. பேரக்கூட எனக்குச் சொல்ல வராது. நல்லாப் பாத்தியான்னு கேட்டேன், பாத்தேன்னா. படிக்கிறவளுக்குத்தானே தெரியும்?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரமே அதை மகளிடம் சேர்த்தோம். இரண்டு நாள் கழித்து ஒரு படம் அனுப்பினாள். ஆற்றங்கரையில் ஒரு மீன் சந்தை, கூரைக்கு அடியில் வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. எங்கே எடுத்த புகைப்படம் என்று கேட்டேன். "எடுத்தது இல்லம்மா, நான் வரஞ்சது," என்றாள்.

லேப்டாப்பில் குறைகள் இல்லாமல் இல்லை. சார்ஜர் இல்லாமல் அதிக நேரம் தாங்காது, சில எழுத்துகள் அழிந்துபோயிருந்தன, வேலை செய்யும்போது விசிறி போடும் இரைச்சலுக்குக் கெடா தோழி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாளாம். ஆனால் மகள் அந்தப் பருவத்தை முடித்தாள். அவள் வரைந்த மீன் சந்தையை விரிவுரையாளர் வகுப்புச் சுவரில் மாட்டி வைத்தார். கோர்ஸ் மாற்றும் பேச்சு அதன்பின் எழவே இல்லை. விடுமுறையில் அவளையும் அழைத்துக்கொண்டு பாகான் நக்கோடா ஓமார் போய், மெல்லிய லேப்டாப்பை அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்தோம். அவள் அதை ஒரே கையில் தூக்கிப் பார்த்துக் குழந்தையைப் போலக் குதித்தாள். அன்று எங்களைச் சாப்பிடாமல் அவர்கள் விடவில்லை.

மகள் இப்போது கடைசி ஆண்டில் இருக்கிறாள், அதே லேப்டாப்போடுதான். என்னை ஒரு மணி நேரம் மட்டுமே அறிந்த ஒரு பெண் தன் பொருளை அப்படியே என் மடியில் வைத்தாள், பதினெட்டு வருடம் வளர்த்த என் மகளின் ஒரு வார்த்தையை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வெட்கம் வந்த பிறகுதான் என் பிள்ளை பேசும்போது நான் முழுதாகக் காது கொடுத்துக் கேட்கிறேன்.